கடன் வாங்கினவன் மட்டும்தான் குற்றவாளியா?

'தகுதிக்கு மீறி வீடு வாங்கினான்... தவணை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தான். இதுக்கு நாம ஏன் அழணும்?'

2008-ல் அமெரிக்கப் பொருளாதாரம் குப்புற விழுந்தபோது அங்கே பலரும் பேசிய நியாயம் இது. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். கடன் வாங்காதே என்று வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொல்லி வளர்த்ததுதானே! ஆனால், இந்த ஒரு நியாயத்தைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சின்னக் கணக்கு. 2006-ல் ஒருவர் 3 லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறார். கைப்பணம் 60 ஆயிரம். பேங்க் கடன் 2 லட்சத்து 40 ஆயிரம். கொஞ்ச நாளில் வீட்டு விலை 20 சதவிகிதம் இறங்குகிறது. இப்போது வீட்டின் மதிப்பு 2 லட்சத்து 40 ஆயிரம். கடன்? முதல் வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பதால், அசல் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. விலை இறங்கியது 20 சதவிகிதம்தான். மனுஷன் போட்ட பணத்தில் காலியானதோ 100 சதவிகிதம்! தவணை வந்துகொண்டிருக்கும்வரை பேங்குக்கு ஒரு சென்ட்கூட நஷ்டம் இல்லை.

நிஜத்தில் நடந்தது இதைவிட மோசம். 2006-லிருந்து 2012-க்குள் நாடு முழுக்க சராசரியாகக் கால் பங்குக்கு மேல் விலை விழுந்தது. லாஸ் வேகாஸிலும் பீனிக்ஸிலும் பாதிக்கு மேல். வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகம் என்ற நிலையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்!

இப்படி மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? வேலை இருந்தாலும் கையை இறுக்கிக்கொள்வார். புது கார் வேண்டாம், ஓட்டல் வேண்டாம், எதுவும் வேண்டாம். 2007-ல் ஒரு கோடியே 60 லட்சம் கார், வேன், டிரக் விற்ற நாட்டில் 2009-ல் விற்றது ஒரு கோடியே 4 லட்சம்தான். ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவால் கோர்ட் வாசலில் நின்றன.

கார் கம்பெனியில் வேலை போனதே ஒரு தொழிலாளிக்கு... அவர் தகுதிக்கு மீறி வீடு வாங்கினாரா? வாடகை வீட்டில் ஒழுங்காக இருந்தவராகக்கூட இருக்கலாம். 2009 அக்டோபரில் வேலையில்லாதோர் விகிதம் 10 சதவிகிதத்தைத் தொட்டது. அமெரிக்காக்காரர் செலவைச் சுருக்கினால் சென்னை ஐ.டி. கம்பெனிகளில் ஆள் எடுப்பது நிற்கிறது என்பதையும் அந்த வருஷங்களில் பார்த்தோமே! கடனே வாங்காதவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த நஷ்டத்தைக் கட்டினார்கள்.

'எல்லாச் சரிவும் இப்படித்தானே?' என்று கேட்கலாம். இல்லை. 2000 முதல் 2002 வரை நாஸ்டாக் குறியீடு முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. ஆனால், அந்த மந்தம் எட்டே மாதம். 2007 டிசம்பரில் ஆரம்பித்ததோ 18 மாதம் நீடித்தது. போன வேலைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 2014 ஆகிவிட்டது. காரணம் சுலபம். பங்குகள் பெரும்பாலும் பணக்காரர் கையில், சொந்தப் பணத்தில் இருந்தவை. போனாலும் அவர் வீட்டு மளிகை பில் குறையாது. நடுத்தர வர்க்கத்துக்கோ வீடுதான் ஒரே சொத்து, அதுவும் கடனில்! கடன் அதிகமிருந்த வட்டாரங்களில்தான் செலவும் அதிகமாக வெட்டப்பட்டது என்பதை அதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் புள்ளிவிவரத்தோடு போட்டு உடைத்திருக்கிறார்கள்.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலருக்கு மடமடவென்று அனுமதி வாங்கியது. வீட்டுக்காரர் முறை வந்ததும் சட்டம், தர்மம், நியாயம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவுவோம் என்று 2009-ல் அறிவித்த திட்டம், கடைசியில் பாதியைச் சுற்றியே நின்றது. அதிலும் பெரும்பாலும் வட்டியைக் குறைத்தார்கள், தவணையை நீட்டினார்கள். அசலில் கை வைக்கப் பேங்குகளுக்கு மனசே வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. திவால் ஆனவர் லீவுக்குப் போய்த் தங்கும் இரண்டாவது வீட்டின் கடன் அசலைக் கோர்ட் குறைக்கலாம். குடியிருக்கும் வீட்டின் கடனைக் குறைக்கக் கூடாது! இதை மாற்ற வந்த மசோதாவை 2009 ஏப்ரலில் செனட் தோற்கடித்தது.

'அசலைக் குறைத்தால் நாளைக்கு எவன் கடன் கட்டுவான்?' என்பார்கள். நல்ல கேள்விதான். அதையே பேங்கிடமும் கேளுங்கள். வருமானத்துக்கு ஒரு சீட்டுகூடக் கேட்காமல் கடனை அள்ளி விட்டது யார்? அவர்களைக் கை தூக்கிவிட்டால் மட்டும் கெட்டுப்போக மாட்டார்களா?

செய்ய முடியாத காரியமும் அல்ல. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசு ஒரு நிறுவனம் ஆரம்பித்து, சுமார் 10 லட்சம் வீட்டுக் கடன்களைப் பேங்குகளிடமிருந்து தான் வாங்கிக்கொண்டு, 15 வருஷத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. ஐந்தில் ஒருவர் வீட்டை இழந்தார். நான்கு பேர் தப்பினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, அரசு உத்தரவாதம் உள்ள வீட்டுக் கடன்களுக்குத் தவணையை ஒத்திவைக்கச் சட்டமே போட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. பெரும்பாலானவர்கள் பிறகு ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

சும்மா தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. விலை விழுந்தால் அசலில் கொஞ்சம் குறை. பின்னால் விலை ஏறினால் அந்த லாபத்தில் பேங்குக்கும் ஒரு பங்கு கொடு. இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

கடன் கொடுப்பது தர்மகாரியம் அல்ல, அதுவும் வியாபாரம்தான். வட்டி மட்டும் எனக்கு, நஷ்டம் முழுக்க உனக்கு என்று எந்தப் பெட்டிக்கடை பார்ட்னர்ஷிப்பிலாவது எழுதுவார்களா? வீட்டுக் கடன் பத்திரத்தில் மட்டும் எழுதுகிறார்கள். அந்த வரியை மாற்றாதவரை, அடுத்த முறை வீட்டு விலை சரியும்போதும் எழுந்திருக்க ஆறேழு வருஷம் ஆகும். தண்டம் கட்டப்போவது கடன் வாங்கினவர் மட்டும் அல்ல!