டிடிஎஸ் மீட்டர் ‘ஓகே’ சொன்னா நொய்யல் சுத்தமா? மாணவர்களின் ஆற்று நீர் சோதனை சொல்வதும் சொல்லாததும்

ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன்ல வருஷா வருஷம் பார்க்கிற ஸ்டால்தான் இது. நாலு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர், ஒரு டிடிஎஸ் மீட்டர், பக்கத்தில் ஒரு சார்ட். மீட்டர் காட்டும் எண்ணை வைத்தே ஆறு சுத்தமா, இல்லையா என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதை எவ்வளவு நம்பலாம்?

நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக காவிரியில் கலக்கும் ஆறு. துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியோடு தங்கிவிடும், உப்பு கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பு சாதாரண சுத்திகரிப்பில் போகாது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு உதவாமல் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் இதனால்தான். ஆக, இங்கே டிடிஎஸ் மீட்டர் பொருத்தமான கருவியே. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை.

சிக்கல் என்னன்னா, மீட்டர் அளப்பது மின்கடத்தலை. அதிலிருந்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். சாக்கடை கலந்த தண்ணீரிலும் எண் ‘நார்மல்’ ஆக வரலாம்.

சாக்கடையைப் பிடிக்க வேறு வழி இருக்கு. மீன் தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் புளூவைச் சில சொட்டு விட்டு, பாட்டிலைக் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி மூடி, இருட்டில் வையுங்கள். நீலம் எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ, அவ்வளவு கழிவு. மலக்கிருமிக்கு ஹெச்2எஸ் பாட்டில். 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது. தண்ணீர் கறுத்தால் குடிக்கக் கூடாது.

நேரமும் முக்கியம். பாசி படர்ந்த ஆற்றில் மதியம் ஆக்சிஜன் எகிறும், விடியற்காலையில் சரியும். ஸ்கூல் விட்டுப் போய் சாயங்காலம் எடுத்த சாம்பிளில் ஆறு ஆரோக்கியமாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. இன்னொன்று, மழை நேரம் பார்த்து சாயக்கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் புகார். வெள்ளத்தில் உப்பு நீர்த்துப்போகும், மீட்டரும் ஏமாறும். ஒரே நாள் சோதனைக்கு நம்ம ஓட்டு கிடையாது.

சரி, ரிசல்ட்டை வைத்து ஆலை மீது வழக்கு போட முடியுமா? நேரடியாக முடியாது. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, ஆலைக் கழிவுநீரின் ஆய்வு முடிவு சாட்சியமாக நிற்க சில நிபந்தனைகள் உண்டு. அதிகாரம் பெற்றவர் மாதிரி எடுக்கும் இடத்திலேயே, அப்போதே நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். மாணவர் பாட்டில் இதில் வராது.

ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பத் தடையில்லை. தேதி, நேரம், இடத்தின் ஜிபிஎஸ், மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று ஆறு மாத நோட்டு இருந்தால், அதிகாரி எந்தப் பாலத்தடியில், எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.