கோலிக்குண்டின் பிறப்பறிதல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோலின் தரம் பிரிப்போரைக் கண்டவர்கள், கண்ணும் கையும் கூடிப் பெறும் அறிவு எத்தகையது என்பதை உணர்வர். தரம் பிரிப்பவர் தோலைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, இருபுறமும் புரட்டி, விரலால் தடவுகின்றார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட குறி ஆகிய ஒவ்வொன்றும் அந்த விலங்கு வாழ்ந்த வாழ்வை அவருக்குச் சொல்லுகின்றது. நாம் குறையென்று கருதுவது அவருக்கு எழுத்தாகின்றது. அந்தப் பார்வையை ஓர் அற்பப் பொருளின்மேல், அதாவது கோலிக்குண்டின்மேல், சற்றே செலுத்தும்படி மாணவரையும் பழைய மாணவரையும் வேண்டிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர், தம் பாட்டனார் வீட்டை ஒழிக்கும்போது அகப்பட்ட தகர டப்பா ஒன்றைக் கொணர்ந்தார். அதனுள் அறுபதுக்கு மேற்பட்ட கோலிகள் இருந்தன. அவர் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, இவை என்ன விலை போகும்?" என்பது. பழைய கோலிக்குப் பெரும்பணம் தருவார் உளர் என்று இணையச் சந்தையில் அவர் கண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை; ஆயினும், கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவன்று. "இஃது எவ்வாறு பிறந்தது?" என்பது முதலாவது. "இஃது எங்கே கிடந்தது?" என்பது இரண்டாவது. விலை இவ்விரண்டற்கும் பின்னரே வரும்.

முதற் கேள்விக்கு விடை கோலியின் உடலிலேயே உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஜெர்மனியின் லௌஷா என்னும் ஊரில் கண்ணாடிக் கோலிகள் கையாற் செய்யப்பட்டன. வண்ண இழைகளை உள்ளடக்கிய கண்ணாடிக் கோலைச் சூட்டில் இளக்கி, முனையிற் கிண்ணம் பொருத்திய ஒருவகைக் கத்தரியால் நறுக்கி உருட்டினர். அவ்வாறு பிறந்த குண்டுக்கு, கோலிலிருந்து அறுபட்ட இடத்தில் சொரசொரப்பான தழும்போ, அதனைத் தேய்த்து மழுக்கிய தடமோ இருக்கும். உள்ளிருக்கும் இழைகளும் ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்கு முறுக்கிச் செல்லும். தொப்புளைக் கண்டு குழவியென்று அறிவதுபோல, அத்தழும்பைக் கண்டு கைவேலை என்று அறியலாம்.

யந்திரம் வந்த பின்னர் அத்தழும்பு மறைந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சென் என்பார், சுழலும் சக்கரங்களின் பள்ளத்தில் கண்ணாடியை உருட்டி உருண்டையாக்கும் பொறிக்கு 1905-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். ஆயினும் உருகிய கண்ணாடியைக் கம்பியில் எடுத்துப் பொறியில் விடுவதும், கத்தரியால் அறுப்பதும் இன்னும் மனிதன் கையிலேயே இருந்தன. அதனால் அக்காலத்துக் கோலிகளிற் பலவற்றில் ஒரு முனையில் 9 என்னும் எண் போன்ற சுழியும், எதிர்முனையில் அறுபட்ட வால் போன்ற கோடும் காணப்படும். அந்தச் சுழி, கைக்கும் யந்திரத்துக்கும் இடைப்பட்ட காலத்தின் கையெழுத்தாகும்.

அதன்பின் கண்ணாடிக் குழம்பு உலையிலிருந்து தானே ஒழுக, கத்தியும் தானே அறுக்க, அறுந்த துண்டுகள் வரிப்பள்ளமுடைய இரண்டு உருளைகளின்மேல் விழுந்து உருண்டோடும் முறை வந்தது. ஆக்ரோ ஆகேட் என்னும் அமெரிக்கக் கம்பெனி இம்முறையாற் பெயர்பெற்று, 1951-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் கோலிகளில் ஒரு வகையில், வண்ணப் பட்டை திருகாணியின் வரிபோல முனைக்கு முனை சுற்றிச் செல்லும். தெளிந்த கண்ணாடியினுள்ளே பூவிதழ் போலவும் பூனைக்கண் போலவும் வண்ணம் நிற்கும் கோலி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானியரால் உலகெங்கும் பரவியது. ஆதலின் பூவிதழ்க் கோலி ஒன்றைக் காட்டி, "இது வெள்ளைக்காரன் காலத்தது" என்று ஒருவர் விலை கூறுவாராயின், புன்னகையோடு அப்பாற் செல்லலாம்.

இனி, சோதிக்கும் முறை. கோலியை வெந்நீரில் இடலாகாது. வெறுந்தண்ணீரிற் கழுவுதல் போதும். மெருகேற்றுவது பெரும் பிழை. மெருகோடு மேற்பரப்பின் சாட்சியும் போய்விடும். பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு மெல்லத் திருப்பி, முதலில் இரு முனைகளையும் தேடுக. பிறகு வண்ணம் மேலே ஓடுகின்றதா, உள்ளே நிற்கின்றதா என்று நோக்குக. குறுக்களவை அளந்து எடையும் காண்க. 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோலி ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். அதே அளவில் எடை பாதியே இருந்தால், அது கண்ணாடியன்று, பிளாஸ்டிக். புற ஊதா விளக்கின்கீழ்ப் பச்சை ஒளி வீசுவனவற்றுள் யுரேனியம் கலந்த கண்ணாடியும் உண்டு. நம் பௌதிக சாலையில் உள்ள கருவிகளே இவ்வளவுக்கும் போதியன.

நிற்க. செய்முறையை உடல் சொல்லும். செய்தவர் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. ஏனெனில் கோலியில் முத்திரையில்லை. இன்ன கோலி இன்ன ஆலையது என்று அமெரிக்கர் துணிந்து கூறுவது, பழைய ஆலைகள் இருந்த நிலங்களைத் தோண்டி எடுத்த உடைசல்களையும், கோலிகள் விற்பனைக்கு வந்த மூலப் பெட்டிகளையும் சான்றாகக் கொண்டேயாம். பொருளோடு இடமும் சேர்ந்தபோதுதான் பெயர் பிறந்தது. நம் நாட்டுக் கோலிக்கு அத்தகைய வேலை செய்ய வேண்டியிருக்கின்றது. முதல் உலகப் போருக்கு முன் ஆஸ்திரியா, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்தும், பின்னர் ஜப்பானிலிருந்தும் கண்ணாடிப் பொருள்கள் இந்தியாவுக்கு மிகுதியாக வந்தன. பிரோசாபாத் முதலிய வடநாட்டு உலைகளும் வேலை செய்தன. பாலாற்று மணலில் குழி தோண்டி நம் முன்னோர் ஆடிய கோலி இவற்றுள் எதிலிருந்து வந்தது? டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது.

இங்கே சோடாக் கோலியைப் பற்றி ஒரு சொல். ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற புட்டியில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ள, அது கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுகி வாயை மூடுகின்றது. வேலூரில் 1924-ஆம் ஆண்டிலேயே இச்சோடாத் தொழில் தொடங்கப்பெற்றது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விலக்கியபோது, மறந்துபோன அப்புட்டி மீண்டும் பலர் கைக்கு வந்தது. அதனுள் இருக்கும் கோலி வண்ணப் பட்டையின்றி, சிறிது பச்சையோ நீலமோ கலந்த வெறுங்கண்ணாடியாக இருத்தலின், சேகரிப்போர் அதனை மதிப்பதில்லை. என் கருத்து இதற்கு மாறானது. வெயிலுக்குப் பெயர்போன வேலூரில், தோல் ஷாப்பிலிருந்து வியர்த்து வெளிவந்தவன் தாகம் தீர்த்த கோலியே இவ்வூருக்கு உரிய கோலி. கடல் கடந்து வந்த திருகுவரிக் கோலி ஆயிரம் பெறலாம். அது நம்மைப்பற்றி ஒன்றும் கூறாது.

இதனை எழுதும் எனக்கும் இதிற் பழியுண்டு. சிறுவனாயிருந்தபோது, உள்ளிருக்கும் கோலிக்காக ஒரு சோடாப் புட்டியைக் கல்லிற் போட்டு உடைத்தேன். அக்கோலியை ஆட்டத்தில் அன்றே தோற்றேன். தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளும் தண்டனையும் பெற்றேன். முட்டியின் காயம் ஆறிவிட்டது. அந்தப் புட்டி எந்த ஆலையில் வார்க்கப்பட்டது, அதன்மேல் எழுத்திருந்ததா என்பதை இன்று யாரிடம் கேட்பேன்? இவ்வாறு உடைத்த சிறுவர் எத்தனை ஊரில் எத்தனை பேரோ!

"விளையாட்டுச் சாமானுக்கு ஆராய்ச்சியா?" என்று சிலர் நகுவர். அவர்கள் அரிக்கமேட்டை நினைப்பாராக. அங்கே மேற்பரப்பிற் கிடந்த கண்ணாடி மணிகளைப் பலர் பொறுக்கினர். மணிகள் அழகாயிருந்தன, ஆயினும் காலம் சொல்லவில்லை. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் மண்ணடுக்குகளைக் குறித்துக்கொண்டு அகழ்ந்து, அவ்வடுக்குகளிற் கிடைத்த இத்தாலிய மட்கலங்களைச் சான்றாக வைத்தபோதே காலம் தெளிந்தது. மணியும் ஒருகாலத்தில் அற்பப் பொருளே. இடம் குறிக்கப்பெற்ற அற்பப் பொருள் சரித்திரம். இடம் தெரியாத அரும்பொருள் வெறும் அலங்காரம்.

ஆதலின் என் வேண்டுகோள் இதுவே. பழைய மாணவர்கள் தம் வீட்டுப் பரணில் உள்ள கோலிகளை விற்கு முன்னும் எறியு முன்னும், ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதி உடன் வைக்கட்டும்: எந்த ஊர், எந்தத் தெரு, யார் ஆடியது, ஏறத்தாழ எந்த ஆண்டு. முதியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும். ஆடியவர் போனபின் கோலி ஊமையாகும். நம் கல்லூரியில் ஓர் அலமாரித் தட்டு இதற்கென ஒதுக்கப்படுமாயின், பௌதிக மாணவர் எடை காணவும், சரித்திர மாணவர் வரலாறு எழுதவும் அது போதும்.

டப்பா கொணர்ந்த நண்பர் அதனைத் திரும்ப எடுத்துச் சென்றார், நான் தடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தம் பெரிய அத்தையைக் கேட்டாராம். அந்தக் கோலிகளிற் பாதிக்குமேல் பாட்டனார் ஆடியவையல்லவாம். அத்தையே தெருப் பையன்களை வென்று சேர்த்தவையாம். அத்தைக்கு இப்போது வயது தொண்ணூற்றொன்று. விலையைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.