மலிவா ஒரு டிராலர் வாங்கலாமா?

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கணும்னா இருபது வருஷ இ.எம்.ஐ. வேலைக்குச் சேரும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு மிரண்டு போன பசங்க யூடியூபில் ஒதுங்குகிறார்கள். அங்கே ஒரு அமெரிக்கத் தம்பதி பழைய டிராலர் ஒன்றை வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போகிறார்கள். உடனே ஞானோதயம்! "காசிமேட்டுல பழைய டிராலர் கிடைக்குமாமே, வாங்கிட்டா வாடகையும் மிச்சம், பழவேற்காட்டுலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் ஜாலியா சுத்தலாமே?"

கனவில் தப்பே இல்லை மக்களே. கணக்குதான் தப்பு.

முதலில் அந்தப் பெயர். அந்தத் தம்பதி வைத்திருக்கும் 'டிராலர்' ஜென்மத்தில் ஒரு வலையையும் இழுத்ததில்லை. அது ஒரு உல்லாசப் படகு. 1960களில் ஹாங்காங்கில் கட்டத் தொடங்கிய கிராண்ட் பேங்க்ஸ் போன்ற படகுகள் மீன்பிடிப் படகின் சாயலில், டீசல் இன்ஜினோடு மெதுவாகப் போவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் பிறக்கும்போதே உண்டு. காசிமேட்டில் நிற்பது விசைப்படகு. வயிற்றில் ஐஸும் மீனும் கொட்டும் அறை, மேலே வலையும் வின்ச்சும், வலையை இழுப்பதற்கென்றே ஒரு இன்ஜின். மனுஷன் படுக்க மிச்சம் மீதி இடம்தான். டாடா ஏஸுக்குக் 'குட்டி யானை' என்று பெயர் இருப்பதால் அதைக் கோயில் வாசலில் நிறுத்தி ஆசீர்வாதம் வாங்க முடியுமா?

சரி, உள்ளே மாற்றிக் கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. மீன், ஐஸ், வலை, வின்ச் எல்லாவற்றின் எடையையும் நம்பிக் கட்டிய படகு அது. அடியில் இருந்த பாரத்தை எடுத்துவிட்டு மேலே ரூமும் தண்ணீர் டாங்கும் ஏற்றினால் புவியீர்ப்பு மையம் மேலே போகும். படகு அதிகமாக உருளும், பெரிய அலையில் கவிழவும் செய்யும். முதல் வருஷ மெக்கானிக்ஸ் பாடம்தான் இது. கடலுக்கு அரியர் எல்லாம் கிடையாது :-)

அடுத்து, பழைய படகு ஏன் மலிவு? அதற்குள் இருந்த உழைப்பை ஏற்கெனவே பிழிந்தெடுத்துவிட்டார்கள். மரப்படகு என்றால் பலகையைத் துளைக்கும் புழு. இரும்பு என்றால் தண்ணீருக்கு அடியில் துரு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் மீனவர்கள் படகைப் பழுது பார்ப்பதிலும் பெயின்ட் அடிப்பதிலும்தான் கழிக்கிறார்கள். அதுவும் வருஷா வருஷம்! படகை வைத்துச் சம்பாதிக்கிறவருக்கே கையைக் கடிக்கும் செலவு இது. படகு ஒரு பைசா சம்பாதிக்காத வீட்டுக்காரர் என்ன செய்வார்?

சரி, எப்படியோ வாங்கியாச்சு. எங்கே கட்டுவது? காசிமேடு மீனவர்களின் பிழைப்பு நடக்கும் இடம். அவர்கள் படகுக்கே அங்கே நெருக்கடி. அதில் போய், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, எங்க வீடு வருது" என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. 1911லிருந்து பாய்மரப் படகு விடும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்கூடத் துறைமுகச் சுவருக்குள்தான் ஒதுங்கியிருக்கிறது. ஆலப்புழையில் அரிசி ஏற்றிய கெட்டுவள்ளம் ஹவுஸ்போட் ஆகவில்லையா என்று கேட்பார்கள். ஆயிற்று. ஆனால் அது காயல், அலையில்லாத தண்ணீர். நம்முடையது திறந்த கடற்கரை. 1881ல் அடித்த புயல், அப்போதுதான் கட்டிய மெட்ராஸ் துறைமுகச் சுவர்களையே உடைத்துப் போட்டது. 2016 டிசம்பர் 12ல் வர்தா சென்னையிலேயே கரை கடந்தது. அந்த ராத்திரி 'வீடு' எங்கே இருக்கும்?

அப்புறம் சட்டம். மீன்பிடிப் படகு என்று பதிவானதை மீன் பிடிக்கத்தான் ஓட்டலாம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பிறகு காரணம் சொல்ல முடியாமல் கரையோரம் சுற்றும் படகைக் கடலோரக் காவல் படை சும்மா விடுமா? கன்னியாகுமரி போகும் வழியில் பாக் நீரிணை வேறு. இழுவை மடியை இலங்கை 2017ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. எல்லையைத் தாண்டி வரும் டிராலருக்குள் வலை இருக்கிறதா, கட்டிலும் கிடாரும் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து எந்தக் கடற்படைக்குத் தெரியும்?

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற தமிழ்நாட்டில், சாதாரண ஆள் ஒரு சின்னப் படகைப் பத்திரமாகக் கட்டிவைக்க இடம் இல்லை என்பது அநியாயம்தான். கொச்சி போல்காட்டியில் மரீனா இருக்கும்போது இங்கே ஏன் இல்லை என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், சத்தமாகவே கேட்க வேண்டும். அதற்காக அடுத்தவர் தேய்த்துப் போட்ட படகில் அப்பாவின் பி.எஃப். பணத்தைக் கொட்டுவது புரட்சி ஆகாது.

24 அடி ஆழ ஏரியின் கரையில் வளர்ந்த பசங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? 2015 டிசம்பரில் அந்த ஏரியைத் திறந்துவிட்டு அடையாறு ஊருக்குள் வந்தபோது, மொட்டை மாடியிலிருந்து ஜனங்களை இறக்கியவர்களில் மீனவர்களும் உண்டு, அவர்களுடைய படகுகளும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது இணையத்தில் படித்து வந்ததில்லை. முதலில் நீச்சல். அப்புறம் பாய்மரப் படகில் ஒரு வருஷம். அதற்கும் மேலே ஆசை மிச்சமிருந்தால், டிராலரின் விலையைக் கேட்கலாம்.