நீரிழிவும் நம் பாதங்களும்

விழா மலர்களிற் கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் வெற்றிகளைப் பற்றியும் எழுதுதலே மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, பழைய மாணவராகிய எம்மிற் பலரைப் பற்றியுள்ள நோயொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். 'சீனி வருத்தம்' என்று எளிதாகச் சொல்லி, தேநீரிற் சீனியைக் குறைத்ததோடு கடமை முடிந்ததென அமைதி கொள்கின்றோம். நோயோ அத்துடன் அமைவதில்லை.

1921 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டறியுமுன், கடும் நீரிழிவு வாய்ப்பட்ட இளையோர் விரைவில் மாண்டனர். இன்சுலின் அவர்க்கு வாழ்நாளைத் தந்தது. வாழ்நாள் நீண்டபோதே, நாட்பட்ட நீரிழிவு நாடிகளுக்கு இழைக்குங் கேடு தெளிவாகப் புலப்பட்டது.

குருதியில் மிகுந்த வெல்லம் நாடிகளின் உட்சுவரைப் பழுதாக்குகின்றது. அங்கே கொழுப்புப் படிந்து, சுவர் தடித்து, குருதி செல்லும் வழி சுருங்குகின்றது. முதுமையில் யாவர்க்கும் நிகழக்கூடிய இது, நீரிழிவுடையார்க்கு முந்தி நிகழ்கின்றது. இதயத்து நாடி அடைபடின் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் நாடி அடைபடின் பாரிசவாதம். காலின் நாடி, சிறப்பாக முழங்காலுக்குக் கீழுள்ளது, அடைபடின் ஆறாப் புண்ணும் அழுகலும். புகைத்தலும் உயர் குருதியமுக்கமும் இக்கேட்டை மிகுவிப்பன. ஆதலின் வெல்லத்தை மட்டும் அளந்து அமைதல் போதாது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஒருங்கே உடையாரை ஆராய்ந்து 1998 இல் வெளிவந்த பிரித்தானியப் பேராய்வில், அமுக்கத்தை இறுகக் கட்டுப்படுத்தியோரிடையே பாரிசவாதம் 44 வீதம் குறைந்தமை காணப்பட்டது.

பாதத்திற்கு இரண்டாம் பகையும் உண்டு. நோவை உணர்த்தும் நரம்புகள் மரத்துப்போகின்றன. 1946 முதல் வேலூரிற் பணிபுரிந்த சத்திர வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் நோவின்மையே எனக் காட்டினார். பின்னர் அமெரிக்காவிலே, கார்வில் தொழுநோய் வைத்தியசாலையிற் பணியாற்றுங் காலத்தில், அவ்வறிவையே நீரிழிவுடையார் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். நோவு பகைவனன்று, காவலன். காவலன் உறங்கிய வீட்டில் முள்ளும் கல்லும் கள்வராய்ப் புகும்.

இனி நாம் சொல்வது சிலர்க்குக் கசக்கலாம். திருவிழாக் காலத்தில் நண்பகல் வெயிலிலே சுடுமணலில் வெறுங்காலுடன் வீதிவலம் வருதல் எம்மவர் வழக்கம். அடியார்க்கு அது பேறு. உணர்விழந்த பாதத்திற்கோ அது தீமிதி. கொப்புளம் எழுந்ததை வீடு சென்ற பின்னும் அவர் அறியார். வழிபாட்டைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. காலைப் பூசைக்கோ, மணல் ஆறிய பின் மாலைப் பூசைக்கோ செல்லலாம். ஆலய பரிபாலகர் வீதியில் நீர் தெளித்துப் பாய் விரிக்கலாம். ஆண்டவன் திருவடியைத் தொழுவதற்குத் தன்னடியை இழத்தல் வேண்டுவதன்று.

வீட்டிற் செய்யவேண்டுவன சிலவே. நாடோறும் உள்ளங்காலையும் விரலிடைகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதார் கண்ணாடியின் துணை கொள்க. செருப்பை உதறிய பின்னரே அணிதல், கால் ஆணியை அலகாற் சீவாமை, வெந்நீரிற் காலை வையாமை, சிறு புண்ணாயினும் தாமதியாது வைத்தியரிடங் காட்டல் என்பனவும் வேண்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எம்முள் வைத்தியர் பலர் உளர். ஆண்டுக் கூட்டத்தன்று மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அவர்கள் அமர்ந்து, அங்கத்தவரின் பாதங்களைச் சோதிக்கலாகாதா? 10 கிராம் பாரத்தில் வளையும் நைலோன் இழையால் உணர்வை அறியலாம். விரல் வைத்துப் பாதத்து நாடித்துடிப்பை அறியலாம். சில நிமிடங்களே செல்லும். ஒருவர் கால் தப்பினாலும் அது எந்தக் கட்டடத்திற்கும் குறையாத நினைவுச் சின்னமாகும்.

மாணவச் செல்வர்க்கும் ஒரு சொல். பெரியோர் பாதம் பணிக என்று இக்கல்லூரி எமக்குக் கற்பித்தது. பாட்டனார் பாதத்தைப் பணியும்போது, அதிற் புண் உண்டோ என்று பார்க்கவுஞ் செய்க.