கரித்துண்டும் தூக்குக்குண்டும்

கோடையில் ஒரு நாள் காலை, பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியின் வாசலையொட்டிய மரநிழலில் பெற்றோர் கூட்டமொன்று காத்திருந்தது. உள்ளே பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு. அட்டையும் பென்சில் பெட்டியுமாகப் போயிருந்தார்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்றவர் ஒரு கொத்தனார். திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மகனை அழைத்து வந்திருந்தார். ஊர், மழை, சிமென்ட் விலை எல்லாம் பேசியான பிறகு, “ஏங்க சார், இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?” என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்ற கூச்சம் அவர் குரலில் இருந்தது. விளம்பரக் கம்பெனி, சினிமா, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் என்று நானும் ஏதோ சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கூச்சப்பட வேண்டியதே இல்லையே இவர் என்று பிறகு வெகுநேரம் தோன்றிக்கொண்டிருந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்ற அந்தக் கல்லூரி தோன்றியதே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

அதைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியரல்ல, மருத்துவர். கம்பெனி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில், 1850-இல், கைக்காசைப் போட்டுச் சென்னை பிராட்வேயில் ஒரு கலைப் பள்ளியைத் திறந்தார். சில ஆண்டுகளிலேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. பேரும் ‘தொழிற்கலைப் பள்ளி’ என்று ஆனது. அந்தப் பெயரை நிறுத்திப் படிக்க வேண்டும். மண்ணைக் குழைத்து ஓடும் சாடியும் செய்வது, மரக்கட்டையில் செதுக்கிப் புத்தகங்களுக்குப் படம் அச்சிடுவது, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய சாமான்களை ஒழுங்கான வடிவில் செய்வது என்று கைக்கு வேலையும் வயிற்றுக்குக் கூலியும் தருகிற படிப்பாகத்தான் அது தொடங்கியது. லண்டனில் 1851-இல் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இந்தியத் துணிகளையும் பாத்திரங்களையும் பார்த்து, தங்கள் ஆலைச் சரக்கின் அவலட்சணத்துக்கு இங்கிலாந்தின் ரசிகர்களே வெட்கப்பட்ட காலம் அது. அதே ஆலைச் சரக்கு இங்கே வந்திறங்கி நெசவாளியின் தறியை நிறுத்திக்கொண்டிருந்த காலமும் அதுவேதான். ஒரு கையால் தொழிலைப் பறித்துக்கொண்டு மறுகையால் தொழிற்கலைப் பள்ளி திறந்த அரசின் மனசாட்சி எப்படிப்பட்டது என்று இப்போது கேட்டுப் பயனில்லை. கல்கத்தாவில் 1854-இலும் பம்பாயில் 1857-இலும் லாகூரில் 1875-இலும் இதே போன்ற பள்ளிகள் வந்தன. நம்முடையது எல்லாவற்றுக்கும் மூத்தது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அது ஏழு வயது மூத்தது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் இந்த மாநகரம் பட்டம் கொடுக்கத் தொடங்குமுன்பே இங்கே பிள்ளைகள் கரித்துண்டைப் பிடித்துவிட்டார்கள். ஆயினும் வீட்டில் ஒரு பிள்ளை ஓவியம் படிக்கப் போகிறேன் என்றால், நேற்று முளைத்த விபரீதம் போலத்தான் இன்றும் முகம் மாறுகிறது.

கூலிக்கு வழிகாட்டப் பிறந்த இடம் அந்த வழியிலேயே நெடுந்தூரம் போயும் பார்த்தது. ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1898-இல் அந்தக் கலைப் பள்ளிக்குள் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறை போட்டார். நம் பாட்டிமார் பித்தளையை மூலையில் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றிய அந்த வெள்ளைப் பாத்திரத்தின் கதை ஓவியம் பயின்ற கூடங்களுக்குப் பக்கத்தில் தொடங்கியது என்பது விசித்திரமான செய்திதான். அந்தத் தொழில் வளர்ந்து தனியார் கைக்குப் போயிற்று. பள்ளி மறுபடி வரையத் திரும்பியது. பிற்பாடும் இதையே பார்க்கிறோம். தொழில் ஒன்று உள்ளே பிறக்கும், கொழுக்கும், வெளியே போகும். சித்திரம் மட்டும் பழைய இடத்தில், பழைய கேள்வியோடு, உட்கார்ந்திருக்கும்.

எதைப் பார்த்து வரைவது என்பதிலும் ஒரு நீண்ட வழக்கு உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கப்படி, கிரேக்கச் சிலைகளின் சுதை வார்ப்புகளை வைத்துத்தான் முதலில் வரையச் சொன்னார்கள். நடந்து போகும் தூரத்தில், எழும்பூர் அருங்காட்சியகத்தில், அமராவதிச் சலவைக் கற்களும் பிறகு சோழர் செம்புத் திருமேனிகளும் வந்து சேர்ந்தன. பிள்ளைகளோ வீனஸின் மூக்கைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். 1884-இல் சென்னைப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்த ஈ.பி. ஹேவல் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிக் கொல்லர், தச்சர், நெசவாளர் வேலையை நேரில் பார்த்தவர். இங்கே கண்டது அவரை மாற்றியது. 1896-இல் கல்கத்தாப் பள்ளிக்குப் போனதும் ஐரோப்பியப் படங்களையும் வார்ப்புகளையும் விலக்கிவிட்டு இந்தியக் கலையையே பாடமாக்கப் புறப்பட்டார். எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைப்போம். கொதித்தெழுந்தவர்கள் வங்காளத்து மாணவர்களும் பத்திரிகைகளும்தான். ‘உயர்ந்த கலையை எங்களுக்கு மறுத்து எங்களைக் கைத்தொழிலாளியாகவே வைக்கப் பார்க்கிறான்’ என்பது அவர்களுடைய சந்தேகம். மாணவர்களில் ஒரு சாரார் வெளியேறித் தனிப்பள்ளியே கண்டார்கள். அவர்களைப் பார்த்து இன்று சிரிப்பது எளிது. ஆளுகிறவன் வந்து உன் பாட்டன் செய்ததையே நீ செய் என்றால், அது மரியாதையா மட்டந்தட்டலா என்று எந்த மாணவனுக்குத்தான் விளங்கும்?

ஹேவல் கல்கத்தாவில் கண்டெடுத்த துணை அபனீந்திரநாத் தாகூர். அபனீந்திரரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் 1929-இல் சென்னைப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். ஆக, இங்கிருந்து கிளம்பிய ஓர் எண்ணம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்கத்தாவைச் சுற்றிவிட்டு இதே வாசலுக்கு வந்து சேர்ந்தது. வந்த எண்ணம் போன எண்ணமாகவும் இல்லை. வங்கத்துக் குருவிடம் பயின்ற சௌத்ரியின் சிற்பக் கைக்கு மேனாட்டு முறைதான் பிடித்திருந்தது. மெரினாவில் 1959 முதல் நால்வர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையில் புடைக்கும் நரம்பும் முறுக்கும் அஜந்தாவிலிருந்து வந்தவையல்ல. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள். மே தினத்துக்கு மாலை போடுகிறவர்கள், ஒரு பாடத்திட்டச் சண்டையின் கடைசி வரியும் அங்கே நிற்கிறது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

சௌத்ரியிடம் 1936-இல் வந்து சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தித் துறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பிறகு இருபத்தைந்து வயதில் மாணவரானவர். சோற்றுக் கேள்வி அவருக்கு ஏட்டுச் செய்தியல்ல. அவரே 1957-இல் முதல்வரானார். படித்து முடித்து வெளியே போகிற நல்ல கைகள் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, ஐந்து வருஷத்தில் தூரிகையை மறந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு வழி கண்டார். படம் விற்காது, துணி விற்கும். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக்கை மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து செய்து விற்று, அந்தக் காசில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். சோழமண்டலம் கலைக் கிராமம் அப்படித்தான் எழுந்தது. காலையில் கைத்தொழில், மற்ற நேரத்தில் ஓவியம். ஹண்டரின் தொழிற்கலையும் அவர் கனவு காணாத நவீன ஓவியமும் ஒரே கூரையின்கீழ் சமாதானமாக இருந்த சில ஆண்டுகள் அவை. அதே காலத்துக் கல்லூரியில்தான், கோவைப் பக்கத்திலிருந்து வந்த சிவகுமார் ஆறாண்டு ஓவியம் படித்துவிட்டுத் திரைக்குப் போனார்; துறையூர்ப் பக்கத்து ஆதிமூலம் கோட்டோவியத்தைத் தமிழ்ச் சிறுபத்திரிகையின் அட்டைக்கும் பிறகு வெகுஜன இதழின் பக்கங்களுக்கும் கொண்டுவந்தார். சாண எரிவாயு அடுப்பைக் கண்டவர்கள்போல வியக்காமல், நவீன ஓவியத்தை வாரப் பத்திரிகையில் பார்த்துப் பழகிய தலைமுறை ஒன்று நமக்குக் கிடைத்தது அப்படித்தான்.

இதுவரை சொன்னது கையின் கதை. கல்லூரிப் பிள்ளைகள் பேச்சில் அது ‘பிராக்டிகல்’. கலை வரலாறு ‘தியரி’. பிராக்டிகலுக்கு இரவெல்லாம் விழிப்பார்கள், தியரிக்குத் தேர்வுக்கு முந்தின நாள் நோட்டைப் புரட்டுவார்கள். இந்தப் பிளவை மூட முயன்றவர்கள் உண்டு. பரோடாவில் 1950 வாக்கில் எழுந்த நுண்கலைப் புலம் வரைகிறவனையும் வரலாறு படிக்கிறவனையும் ஒரே முற்றத்தில் உட்காரவைத்தது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இரண்டையும் ஒரே பட்டப்படிப்பில் பிணைத்தது. ஆனால் நம் கலையின் வரலாற்றை நமக்கு எழுதித் தந்தவர்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் பட்டறைக்கு வெளியே நின்றவர்களாகவே இருக்கிறார்கள். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’யை 1908-இல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி கற்களை ஆராய்ந்த புவியியலாளர். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், உதிர்ந்த நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் கண்ட எஸ்.கே. கோவிந்தசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ஒரு காலத்தவர் வரைந்ததன்மேல் மறு காலத்தவர் சுண்ணாம்பு பூசி வரைந்திருக்கிறார்கள். கீழே இருந்ததை அழிக்க நினைத்தார்களா, அங்கே ஒன்று இருந்ததையே மறந்தார்களா, சுவர் சொல்லவில்லை.

இந்த வரிசையில் என் மனத்துக்கு நெருக்கமானவர் மயிலை சீனி. வேங்கடசாமி. இளமையில் அவர் இதே கலைப் பள்ளியில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். குடும்ப நிலை இடம்கொடுக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். கொத்தனார் கேட்ட கேள்வி அவர் வீட்டில் கேட்கப்பட்டிருக்கும், பதில் இல்லாமல் போயிருக்கும். சித்திரகாரப்புலி என்று பட்டம் சூடிய மகேந்திரவர்மனைப் பற்றித் தனி நூலும், 1956-இல் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்ற நூலும் அவர் கையிலிருந்து வந்தன. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்று சிதறிக் கிடந்ததை ஒரு தமிழ் வாசகன் முதல் முறையாக ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. கல்லூரியில் பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருடைய படங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. பாதியில் போன மாணவர் எழுதியது இன்னும் மறுபதிப்பு காண்கிறது. தூரிகையைப் பிடிக்க முடியாமற்போன கை, பிடித்தவர்களின் கதையை எழுதியது. இதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கணினியிடம் ஒரு வாக்கியம் சொன்னால் படம் போட்டுத் தருகிறதாம், இனி எதற்கு ஓவியம் படிப்பது என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஹண்டர் காலத்துப் பள்ளியிலேயே புகைப்படம் பாடமாக நுழைந்துவிட்டது. 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தஞ்சையிலும் திருச்சியிலும் துரைமார்களுக்குப் படம் எழுதிக் கொடுத்துப் பிழைத்த ஓவியர் குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி அன்று என்ன செய்ததோ, அதைத்தான் மவுண்ட் ரோடில் சாரம் கட்டி எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் கன்னம் சிவக்கவைத்த பேனர் ஓவியர்களுக்கு நம் கண்ணெதிரே பிளெக்ஸ் செய்தது. அவர்களில் சிலர் பிறகு கல்யாண மேடைக்குத் தெர்மகோல் வெட்டினார்கள், சிலர் வீட்டுக்குச் சுண்ணாம்படித்தார்கள். நாம் பிளெக்ஸில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். கணினியின் படமும் ஒரு பூச்சுத்தான். அதன் கீழே எது தங்கும், அதன்மேல் எதை யார் பூசுவார்கள் என்பதெல்லாம் நம் ஆயுளுக்குள் தெரிகிற கணக்கில்லை.

தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கொத்தனாரின் மகன் ஒல்லியாக, விரல் நுனியெல்லாம் கரியாக வந்தான். எப்படி எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. எப்படி எழுதியிருந்தால் நல்லது என்று அவருக்குத் தெரியாது. “என்னப்பா வச்சிருந்தாங்க?” என்றார். அவன் மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளை உருவி, மதிலில் அழுத்திப் பிடித்து, ஒரு சொம்பும் மடித்த துண்டும் இரண்டு கத்திரிக்காயும் வரைந்து காட்டினான். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. அவர் ஓரடி பின்வாங்கி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டார். “சொம்பு சாயுதே” என்றார். இல்லைப்பா, உள்ளே பென்சிலைத் தூக்கிப் பிடித்து அளந்துதான் போட்டேன் என்றான் பையன். அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து நூல் சுற்றிய சின்னத் தூக்குக்குண்டை எடுத்தார். வேலைக்குப் போகாத நாளிலும் அது அங்கேதான் இருக்கும்போல. சொம்பின் வாய்க்கு நடுவில் நூலை வைத்துக் குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி நிற்கும்வரை இருவரும் பேசவில்லை. நின்றதும் பையன் குனிந்து பார்த்து, சொம்பின் இடப்பக்க வயிற்றைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, நூலையொட்டி மறுபடி கோடு இழுத்தான்.