லோன்சம் ஜார்ஜ்: கலை மீட்ட உருவம்... திரும்பாத இனம்!

ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில், கழுத்தை நீட்டி கம்பீரமாக நிற்கிறது ஒரு ராட்சத ஆமை. இப்போ நடக்க ஆரம்பிச்சிடுமோ என்று தோன்றும். ஆனால், அது பதப்படுத்தப்பட்ட உடல். பின்டா தீவு இனத்தின் கடைசி ஆமையான ‘லோன்சம் ஜார்ஜ்’, 2012 ஜூன் 24-ல் இறந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கலைஞர்கள் உருவம் கொடுக்க, 2017-ல் ஊர் திரும்பியது.

ஏன் அழிந்தது?

தீனி, தண்ணீர் இல்லாமல் பல மாதங்கள் தாங்கும் என்பதால், 19-ம் நூற்றாண்டில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் ஆமைகளை இறைச்சிக்காக உயிரோடு அள்ளிச் சென்றன. பிறகு 1959-ல் பின்டாவில் விடப்பட்ட மூன்று ஆடுகள் பல்லாயிரமாகப் பெருகி, தீவையே மொட்டையடித்தன.

இப்போ ஆபத்து இல்லையா?

இருக்கு. 2021 மார்ச்சில், கலாபகோஸ் விமான நிலையத்தில் ஒரே சூட்கேஸில் 185 குட்டி ஆமைகள் சிக்கின. அதாவது, இறைச்சிக்கு நடந்த வேட்டை இன்று கடத்தலாகத் தொடர்கிறது.

காப்பாற்ற முடியுமா?

முடியும். எஸ்பானியோலா தீவு இனத்தில் மிஞ்சியவை 14 ஆமைகள்தான். அவற்றில் பெண் ஆமைகளும் இருந்ததால், இனப்பெருக்கத் திட்டம் அந்த இனத்தை மீட்டது. ஜார்ஜைக் கண்டுபிடித்தபோது, அதற்கு ஜோடி சேர அதே இனத்தில் ஒரு பெண் ஆமைகூட மிச்சமில்லை.