கையெழுத்துக்கு என்ன விலை?

2022இல் டாடா கைக்குப் போன ஏர் இந்தியா, சில பிரிவு ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுக்கான வயதை 55இலிருந்து 40க்கு இறக்கியது. குறித்த நாளுக்குள் எழுதிக்கொடுத்தால் மேலதிகத் தொகையும் உண்டு என்றது. இலங்கையின் பதுளையிலிருந்து பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது. இங்கே பசறையிலோ தெமோதரையிலோ உள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆட்குறைப்பு என்று யாரும் அறிவிப்பதில்லை. செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் இருந்த பேர் கைக்காசு என்ற அன்றாடக் கூலிக்கு மாறும், அவ்வளவுதான். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அந்தச் சம்மதக் கையெழுத்துத்தான் தொழிலாளியிடம் உள்ள சரக்கு. அதைச் சும்மா வாங்கிக்கொண்டு, பணிக்கொடையைக் கொடுத்துவிட்டு, பெரிய மனசு பண்ணியதாகக் காட்டுவது எந்த நிர்வாகத்துக்கும் அழகில்லை. பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை: ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில், 30 வருடம் கொழுந்து எடுத்த அக்காவுக்கு 567,000 ரூபாய். அது எப்படியும் அவருடையது. ‘விருப்பம்’ என்று பேர் வைப்பதானால் அதற்கு மேலே ஏதாவது வைக்க வேண்டும். முதலில், அவர் குடியிருக்கும் லயத்துக்குப் பதிலாக ஒரு காணி உறுதி.